பழைய காருக்குக் குளிர்கால டயரும் வீலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலம் நெருங்கும்போது எழும் ஐயங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளோடு இங்கே தொகுத்திருக்கிறேன். பழைய கார் என்று நான் சொல்வது, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடி, ஒன்றிரண்டு கைகள் மாறி, முந்தைய உரிமையாளர் எதையெல்லாம் மாற்றினார் என்று தெரியாத நிலையில் நம்மிடம் வந்து சேர்ந்த காரை. டயரில் தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளைப் பணிமனைகளில் சொல்வதுபோலவே பட்டன் என்று குறிப்பிடுகிறேன்.

டயரில் பட்டன் இன்னும் நிறைய இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாகக் குளிர்கால டயர்?

பட்டனின் ஆழம் பாதிச் செய்திதான். மறுபாதி ரப்பரின் குணம். கோடைகால டயரின் ரப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும்போது இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாது, ஆகவே பிடிப்புக் குறைகிறது. குளிர்கால டயரின் கலவை கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் பட்டன்கள் மீது கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக இருக்கும். சக்கரம் உருளும்போது இந்த வெட்டுகள் விரிந்து, ஒவ்வொன்றும் பனியைக் கடிக்கும் ஒரு விளிம்பாகிறது. பட்டன்களுக்கு இடையிலுள்ள அகன்ற காடிகளில் பனி அடைந்து நிற்பதும் வேண்டுமென்றே செய்த ஏற்பாடுதான், ஏனெனில் பனி பனியோடு நன்றாக ஒட்டும்.

பழைய காருக்கு இது இன்னும் முக்கியமானது. வண்டி பக்கவாட்டில் சறுக்கும்போது தானே பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு நிலைப்பாட்டுக் கருவி, பல நாடுகளில் 2010களில்தான் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல கார்களில் அது இல்லை. இன்னும் பழையவற்றில், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் இல்லை. அத்தகைய காரில் ஓட்டுநரின் கைக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது டயர் மட்டுமே. காரின் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் வயதாகியிருந்தாலும், இந்த ஒன்றை மட்டும் நாம் முழுப் புதியதாக வாங்கி மாட்ட முடியும்.

எங்கள் பகுதியில் பனி குறைவாகத்தான் விழும். எந்தத் தேதியில் மாட்ட வேண்டும்?

தேதியை விட வெப்பமானியைப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும் நேரத்து வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே நிற்கத் தொடங்கினால் மாட்டிவிடலாம். பனி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் பனி விழுந்த நாளில் எல்லாரும் பணிமனைக்கு ஓடுவதால் அன்று இடம் கிடைப்பதும் அரிது. புதிய டயரின் மேற்பரப்பு பழகுவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பதாலும் முன்கூட்டியே மாட்டுவது நல்லது.

சட்டம் தேதி குறித்திருக்கும் இடங்களில் அதைத்தான் பின்பற்ற வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஜெர்மனியில் தேதி இல்லை. சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருந்தால் உரிய டயர் இருக்க வேண்டும் என்பது விதி.

இந்தக் கார் இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடினாலே பெரிது. அதற்குப் போய்ப் புதிய டயர் வாங்குவது வீண் செலவு இல்லையா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள், நியாயமான கேள்வியும்கூட. குளிர்கால டயர் மாட்டியிருக்கும் மாதங்களில் கோடைகால டயர் தேய்வதில்லை. ஆகவே செலவின் ஒரு பகுதி பின்னால் திரும்பி வருகிறது. தனி வீலோடு வாங்கியிருந்தால், காரை விற்கும்போதோ கழிக்கும்போதோ அந்த வீல்களையும் டயர்களையும் அதே அளவுள்ள வேறொரு காருக்குக் கொடுத்துவிடலாம்.

சிக்கனம் செய்ய வேண்டிய இடம் வீல்தான், ரப்பர் அன்று என்பது என் உறுதியான கருத்து. பயன்படுத்திய ஸ்டீல் வீலும் புதிய நல்ல டயரும் சேர்ந்த கூட்டு, பளபளக்கும் புது அலாய் வீலும் மலிவான டயரும் சேர்ந்ததை விட எப்போதும் மேலானது. கார் உண்மையிலேயே ஒரே குளிர்காலம்தான் ஓடும் என்றால், பயன்படுத்திய டயரையும் எண்ணிப் பார்க்கலாம். அதற்கான நிபந்தனைகளைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சில டயரில் ‘எம்+எஸ்’ என்று இருக்கிறது, சிலவற்றில் மலைப் படம் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ‘எம்+எஸ்’ என்பது சேறும் பனியும் என்பதன் சுருக்கம். பட்டன் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்ளும் குறி அது. அதற்குப் பின்னால் பனியில் செய்த சோதனை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்த குறிதான் நாம் தேட வேண்டியது. அழுத்தப்பட்ட பனியில் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரை விடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடிப்பு இருப்பதாகக் காட்டிய டயருக்கே அந்தக் குறி கிடைக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், வெறும் ‘எம்+எஸ்’ மட்டும் உள்ள டயர் குளிர்கால டயராக ஏற்கப்படுவதில்லை.

ஆனால் மலைக் குறியும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அது பனிக்கான சோதனை. வழுக்கும் பனிக்கட்டிக்கானது அன்று. ஐரோப்பிய டயர்ச் சிட்டையில் 2021 மே மாதம் முதல் பனிக்கட்டிப் பிடிப்புக்கென்று தனிக் குறியீடு சேர்ந்திருக்கிறது. மேலும், ஆண்டு முழுவதும் போடத்தக்க சில டயர்களுக்கும் மலைக் குறி உண்டு. குளிர் மிதமாகவும் பனி எப்போதாவதும் இருக்கும் இடத்தில் அவை போதும். வாரக்கணக்கில் பனிக்கட்டி கிடக்கும் சாலைகளில் அவை உண்மையான குளிர்கால டயருக்கு ஈடாகா.

என் காருக்கு எந்த அளவு என்று எங்கே பார்ப்பது? இப்போது போட்டிருக்கும் டயரைப் பார்த்து அதையே வாங்கினால் சரிதானே?

புதிய காருக்கு அது சரியாக இருக்கலாம். பழைய காரில் நம்ப முடியாது. முந்தைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய வீல் மாட்டியிருக்கலாம், அல்லது கையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவின் தூணிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் தாளையும், வண்டியோடு வந்த கையேட்டையும் பாருங்கள். தாள் கிழிந்து போயிருந்தால், அதே ஆண்டு, அதே எஞ்சின் கொண்ட காருக்கான கையேட்டைத் தேடிப் பிடிப்பது மதிப்புள்ள வேலை. ஒரே பெயருள்ள காரிலும் பெரிய எஞ்சின் உள்ளதற்குப் பெரிய பிரேக் இருக்கும். அதனால் மிகச் சிறிய வீல் அதற்குப் பொருந்தாது.

அளவை வாசிப்பது எளிது. 195/65 ஆர் 15 91 டி (T) என்று இருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. ‘ஆர்’ ரேடியல் என்பதைக் குறிக்கும். 15 என்பது ரிம்மின், அதாவது டயர் உட்காரும் உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயருக்கு 615 கிலோ. கடைசி எழுத்து வேக வரம்பு: ‘டி’ என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், ‘கியூ’ என்றால் 160. சுமைக் குறியீடு கையேட்டில் உள்ளதை விட ஒருபோதும் குறையக் கூடாது. வேக எழுத்து குளிர்கால டயருக்குச் சற்றுக் குறைவாக இருப்பதைப் பல நாடுகள் ஏற்கின்றன. அந்த வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுவது நம் பொறுப்பு.

என் கார் முன்சக்கரத்தில் இழுப்பது. முன்னால் மட்டும் இரண்டு போட்டால் போதாதா?

போதாது. இந்தத் தொகுப்பில் மிக உறுதியாகச் சொல்லும் விடை இதுதான். முன்னால் நல்ல பிடிப்பும் பின்னால் பிடிப்பின்மையும் உள்ள கார் எளிதாகக் கிளம்பும். அதனாலேயே ஓட்டுநருக்குப் பொய்யான துணிவு வரும். வளைவில் வேகம் குறைக்கும்போது எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்கள் இலேசாகி, காரின் பின்புறம் வெளியே வீசும். அதை மீட்பது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடினம். பின்சக்கரம் இழுக்கும் காரில் பின்னால் மட்டும் மாட்டினாலோ, திருப்புகிற சக்கரங்களுக்குப் பிடிப்பில்லாமல் ஸ்டியரிங்கை எவ்வளவு சுற்றினாலும் கார் நேரே போகும். நான்கும் ஒரே வகையாக, ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். பணம் போதவில்லை என்றால், இரண்டு விலையுயர்ந்த டயரை விட நான்கு நடுத்தர டயர் வாங்குங்கள்.

குளிர்காலத்துக்குச் சிறிய ரிம்மும் ஒடுக்கமான டயரும் நல்லது என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஒடுக்கமான டயர் அதே எடையைக் குறைந்த அகலத்தில் தாங்குவதால், பனிச்சேற்றின் மேல் மிதக்காமல் அதைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். பக்கச்சுவர் உயரமாக இருந்தால், பனி மூடிய பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கு அடி குறைவு. சிறிய டயர் விலையிலும் குறைவு. ஆழமில்லாத, இறுகிய பனிக்கட்டியில் மட்டும் அகலம் குறைவதால் பெரிய ஆதாயம் இல்லை.

ரிம் சிறிதாகும்போது பக்கச்சுவர் உயர வேண்டும், அப்போதுதான் சக்கரத்தின் மொத்த விட்டம் மாறாது. எடுத்துக்காட்டாக, 205/55 ஆர் 16 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர். 195/65 ஆர் 15 டயருக்கு ஏறத்தாழ 634.5. வேறுபாடு அரை விழுக்காடுகூட இல்லை, எனவே வேகமானி சரியாகவே காட்டும். வேறுபாடு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். ஆனால் கணக்கு பொருந்தினாலும் பிரேக் கேலிப்பர், அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம், ரிம்மில் இடிக்கலாம். தயாரிப்பாளரே அந்தக் காரின் எளிய வகைக்குக் கொடுத்திருக்கும் மிகச் சிறிய ரிம் எது என்று கையேட்டில் பாருங்கள். உங்கள் காரின் பிரேக்கும் அதே அளவென்றால் அதுவரை தயங்காமல் இறங்கலாம்.

ஒரே வீலில் டயரை மாற்றி மாற்றிப் போடுவதா, தனி வீல் வாங்குவதா? ஸ்டீலா, அலாயா?

தனி வீலே என் பரிந்துரை. ஒவ்வொரு முறையும் டயரை ரிம்மிலிருந்து பிரித்து மாட்டும்போது அதன் விளிம்பு இழுபடுகிறது; உப்பில் அரித்த பழைய ரிம்மில் காற்றுக் கசிவும் தொடங்கும். தனி வீல் இருந்தால் ஜாக்கியும் ஸ்பேனரும் முறுக்கு அளவிடும் கருவியும் வைத்து வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

குளிர்காலத்துக்கு ஸ்டீல். பள்ளத்தில் விழுந்தால் அது வளையும், அலாய் விரிசல் விடலாம். வளைந்ததைக் கண்ணால் கண்டு மாற்ற முடியும். சாலையில் தூவும் உப்பு, மேற்பூச்சு கீறிய அலாயைப் பூச்சின் அடியிலேயே அரிக்கும். உங்களிடம் பொருத்தமான பழைய அலாய் ஏற்கெனவே இருந்தால் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. டயர் உட்காரும் விளிம்பை மட்டும் கம்பித் தூரிகையால் நன்றாகச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நண்பர் காரிலிருந்து கழற்றிய வீல் இருக்கிறது. அதுவும் 15 அங்குலம், அதே எண்ணிக்கை ஓட்டை. மாட்டலாமா?

வீல் பொருந்துவதைக் கண் சொல்லாது, எண்கள்தான் சொல்லும். விட்டமும் ஓட்டை எண்ணிக்கையும் அவற்றில் இரண்டே. அடுத்தது, ஓட்டைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். 4x100 என்றால் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு ஓட்டைகள். பல ஃபியட் கார்களில் உள்ள 4x98 இதற்கு மிக அருகில் இருப்பதால், இறுக்கினால் பொருந்தியதுபோலத் தோன்றும். அப்படிப் பொருத்தினால் போல்ட்டுகள் சாய்ந்தே இறுகும், வீல் நடுவில் உட்காராது, ஓட்டத்தில் தளரும். 5x114.3, 5x115 ஆகிய இரண்டுக்கும் இதே ஆபத்து உண்டு. ‘ஒரு மில்லிமீட்டர்தானே’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிறகு நடுத்துளை. காரில் வீல் மாட்டப்படும் சுழலும் நடுப்பாகமான ஹப், வீலின் நடுத்துளையில் சரியாக அமர வேண்டும். ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் அது 57.1 மில்லிமீட்டர், பழைய சிறிய டொயோட்டா கார்கள் பலவற்றில் 54.1. துளை சிறியதென்றால் வீல் ஏறவே ஏறாது. பெரியதென்றால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட்டே மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் அதிரும். கடைசியாக ஆஃப்செட், அதாவது வீலின் அகலத்து நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்னும் அளவு. வீலின் உட்புறத்தில் ‘இ.டி.’ (ET) எழுத்துகளை அடுத்து, 45 என்பது போன்ற ஓர் எண்ணாக அது பொறிக்கப்பட்டிருக்கும். எண் அதிகமானால் வீல் உள்ளே தள்ளி அமர்ந்து சஸ்பென்ஷனில் உரசலாம்; குறைந்தால் வெளியே தள்ளி, முழுத் திருப்பத்தில் மட்கார்டில் உரசுவதோடு பேரிங்குக்கும் சுமை கூட்டும். தயாரிப்பாளர் தந்த எண்ணிலிருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது.

எல்லா எண்களும் பொருந்தினாலும், வெறும் வீலை முன் ஹப்பில் ஒருமுறை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்த பிறகே டயர் ஏற்றுங்கள். கேலிப்பர் இடிப்பதும், ரிம் வளைந்து ஆடுவதும் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீல் கிடைத்துவிட்டது. நட்டும் போல்ட்டும் பழையதையே போடலாம்தானே?

எப்போதும் இல்லை. நட்டின் அடிப்பகுதி வீலில் அமரும் வடிவம் மூன்று வகை: கூம்பு, உருண்டை, தட்டை. ஹோண்டாவின் தொழிற்சாலை வீல்கள் பலவற்றில் உருண்டை அமர்வு. வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலும் கூம்பு. உருண்டை அமர்வில் கூம்பு நட்டை இறுக்கினால் அது ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டு நிற்கும். இறுகியதாகத் தோன்றினாலும் நாளடைவில் தளரும். எனவே வீல் வாங்கும்போது அதற்குரிய நட்டையும் கேட்டு வாங்குங்கள்.

போல்ட் பயன்படுத்தும் கார்களில் நீளமும் கணக்கு. தடித்த அலாய்க்கான நீண்ட போல்ட்டை மெல்லிய ஸ்டீல் வீலில் போட்டால், அது ஹப்பின் மறுபக்கம் நீட்டிக்கொண்டு உள்ளேயுள்ள பிரேக் பாகங்களில் இடிக்கலாம். மாறாக, குட்டையான போல்ட்டை அலாயில் போட்டால் போதிய மரை பிடிக்காது. இறுக்கும் முறுக்கு அளவைக் கையேட்டில் பார்த்து, குறுக்கு முறையில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னிக்கு எந்த நட் பொருந்தும் என்பதையும் அன்றே பார்த்து, வேறு நட் தேவையென்றால் வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

பயன்படுத்திய குளிர்கால டயர் வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

முதலில் வயது. பக்கச்சுவரில் ‘டாட்’ எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள், செய்யப்பட்ட வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அது 2000க்கு முந்தையது. விலையின்றிக் கொடுத்தாலும் வேண்டாம். குளிர்கால டயரின் மதிப்பு அதன் இளகிய ரப்பரில் இருக்கிறது, அது ஆண்டுகள் போகப் போக இறுகும். ஆறு ஆண்டுகளைத் தாண்டிய டயரைப் பணம் கொடுத்து வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது பட்டன் ஆழம். சாதாரண டயருக்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர். ஆனால் குளிர்காலத்துக்கு நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகியவை 3 மில்லிமீட்டரும், ஆஸ்திரியா 4 மில்லிமீட்டரும் கேட்கின்றன. 4க்குக் கீழே போனால் பனியைப் பிடித்து வைக்கும் காடிகள் ஆழமிழந்துவிடுகின்றன. எனவே 6 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை வாங்கினால் ஒரு பருவத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மேலும், உட்புறத்தில் பஞ்சர் ஒட்டு, பக்கச்சுவரில் புடைப்பு, காடிகளின் அடியில் நுண்விரிசல் ஆகியவற்றைப் பார்ப்பதற்காகப் பகல் வெளிச்சத்தில் போய் வாங்குங்கள்.

ஆணி பதித்த டயரா, ஆணி இல்லாததா?

முதலில் சட்டத்தைக் கேளுங்கள். ஜெர்மனியில் பொதுச் சாலைகளில் ஆணி டயருக்குத் தடை. ஜப்பானில் ஆணிகள் சாலையைத் தேய்த்துக் கிளப்பிய தூசு நகரங்களின் காற்றைக் கெடுத்ததால், 1990இல் அதற்கெதிராகத் தனிச் சட்டமே வந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் பிலிசாக் போன்ற ஆணியில்லா டயர்கள் அக்காலத்தில்தான் அங்கே வளர்ந்தன. பின்லாந்து, சுவீடன், நார்வே ஆகியவற்றில் பருவத்தில் ஆணி டயர் ஏற்கப்பட்டதுதான்.

சட்டம் இடம் கொடுத்தால், சாலையின் தன்மையைப் பாருங்கள். பனிக்கட்டி மிகவும் வழுக்குவது கடுங்குளிரில் அன்று. 0 டிகிரியை ஒட்டி, மேலே நீர்ப்படலம் நிற்கும்போது. உருகுவதும் உறைவதுமாக இருக்கும் கிராமப்புறச் சாலைகளில் ஆணிக்கு ஈடில்லை. உப்பிட்டுத் துடைத்த நகரத் தார்ச்சாலையில் ஆணி இரைச்சலைக் கூட்டும், பிடிப்பைக் கூட்டாது. ஏற்கெனவே ஓடிய டயரில் பிறகு ஆணி அடிக்கக் கூடாது. ஓட்டைகளில் கல்லும் மண்ணும் புகுந்திருக்கும்.

குளிரில் காற்று எவ்வளவு வைப்பது? குறைத்து வைத்தால் பிடிப்புக் கூடும் என்கிறார்களே?

கதவுத் தாளில் உள்ள அளவே வையுங்கள். அளவு மாற்றியிருந்தால் அந்த அளவுக்குக் கையேடு சொல்வதை வையுங்கள். ஆழ்பனியில் புதைந்த வண்டியைத் தோண்டி எடுக்க ஒருவேளை காற்றைக் குறைக்கலாம். சாலையில் ஓட்டக் குறைக்கக் கூடாது. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரியுள்ள பணிமனையில் காற்றடித்து, உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியுள்ள வெளியில் நிறுத்தினால் மறுநாள் காலை 5 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். எனவே வெளியில், வண்டி ஓடுவதற்கு முன் அளந்து நிரப்புங்கள்.

குளிர்கால வீல் மாட்டியதிலிருந்து காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பழுதா?

புதிய வீலில் காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் உணரி இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். அமெரிக்காவில் ஏறத்தாழ 2008 முதலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதலும் எல்லாப் புதிய கார்களிலும் இந்த எச்சரிக்கை அமைப்பு இருக்க வேண்டும். அவற்றை விடப் பழைய பெரும்பாலான கார்களில் அது இல்லை, ஆகவே கவலையும் இல்லை. சில கார்கள் உணரி இல்லாமல், சக்கரச் சுழற்சி வேகத்தைக் கொண்டே கணக்கிடும். அவற்றில் காற்றைச் சரிசெய்து மறுபதிவுப் பொத்தானை அழுத்தினால் போதும். பழைய உணரிகளைக் கழற்றி மாட்ட எண்ணாதீர்கள். அவற்றின் மின்கலம் 5 முதல் 10 ஆண்டுகளே உழைக்கும்.

என்னுடையது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. எனக்கும் குளிர்கால டயர் தேவையா?

நான்கு சக்கர இழுவை கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது, நிற்கும் தொலைவைத் தீர்மானிப்பது டயரே. தடையின்றிக் கிளம்பிய வண்டி தடையின்றி நிற்கும் என்று நம்பும் பழக்கம்தான் இத்தகைய வண்டிகளைப் பள்ளத்தில் இறக்குகிறது.

இவ்வண்டிகளுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நான்கு டயர்களின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டன் ஆழத்தில் 1 மில்லிமீட்டர் வேறுபாடு சுற்றளவில் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆகும்; அந்த வேறுபாட்டை, முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியலோ கிளட்சோ ஓயாமல் ஈடுகட்டிச் சூடாகித் தேயும். பழைய வண்டியில் அந்தப் பழுது காரின் விலையையே தாண்டக்கூடும். ஆகவே பயன்படுத்திய டயர் என்றால், நான்கும் ஒரே வண்டியில் ஒன்றாக ஓடியவையாக இருக்கட்டும்.

நட்டெல்லாம் கழற்றியாகிவிட்டது, வீல் மட்டும் வரவே இல்லை. என்ன செய்வது?

ஹப்பும் வீலும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உறுதியான தாங்கிக் கால்கள் இல்லாமல், ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியில் இதை முயலவே கூடாது. துருவிளக்கும் எண்ணெயை நடுத்துளையைச் சுற்றி மட்டும் விட்டு ஊறவிடுங்கள். பிரேக்கில் படக் கூடாது. பிறகு டயரின் பக்கச்சுவரை, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி, ரப்பர்ச் சுத்தியலால் தட்டுங்கள். வந்த பின் ஹப்பின் முகத்தையும் வீலின் உட்புறத்தையும் உலோகம் தெரியும்வரை கம்பித் தூரிகையால் தேயுங்கள். துருச் செதில் நடுவில் சிக்கினால் வீல் கோணலாக அமரும். அது ஓடும்போது நசுங்கி, நட் தளரும். நட் அமரும் இடத்திலும் மரையிலும் கிரீஸ் பூச வேண்டாம், ஏனெனில் கையேட்டின் முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கே பொருந்தும்.

கழற்றிய டயரை எப்படி வைப்பது?

ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தோ தொங்கவிட்டோ வையுங்கள். ரிம் இல்லாததை நிமிர்த்தி வைத்து அவ்வப்போது உருட்டிவிடுங்கள். வெயிலும், ஓசோனை உண்டாக்கும் மின்மோட்டார்களும் அருகில் வேண்டாம். எந்தச் சக்கரம் எங்கிருந்தது என்று சுண்ணக்கட்டியால் எழுதி வையுங்கள்.

என் காரின் ரிம்மில் அங்குலமே இல்லை, 390 என்று இருக்கிறது. பழைய டயரில் ‘165 ஆர் 13’ என்று மட்டும் இருக்கும் இன்னொரு காரும் உண்டு. இவற்றுக்கு என்ன வாங்குவது?

இரண்டும் வெவ்வேறு கதை. 390 என்பது மில்லிமீட்டர் கணக்கில் செய்த ரிம். மிச்செலின் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ் டயருக்காக 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் சில கார்களில் வந்தது. 390 மில்லிமீட்டர் ஏறத்தாழ 15.35 அங்குலம். 15 அங்குல டயரை அதில் ஏற்ற முயல்வது உயிராபத்து, காற்றடிக்கும்போதே விளிம்பு அறுந்து வெடிக்கலாம். நான்கு ரிம்களையும் அங்குல அளவுக்கு மாற்றுவதே வழி. மேலே நண்பரின் வீல் பற்றிச் சொன்ன எண்கள் ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றுங்கள்.

‘165 ஆர் 13’ என்பதில் உயர விழுக்காடு எழுதப்படவில்லை. அக்காலத்தில் அது ஏறத்தாழ 80 விழுக்காடு என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் எழுதவில்லை. எனவே 165/80 ஆர் 13 நேரடியான மாற்று. இன்னும் பழைய சில ரிம்களில், டியூப்லெஸ் டயரின் விளிம்பை இடம்பெயராமல் தடுக்கும் மேடு இருக்காது. அத்தகைய ரிம்முக்கு உரிய அளவு டியூப் வேண்டும், அல்லது மேடுள்ள பிற்கால ரிம் தேட வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தேன். நான்கும் புதிய டயர். ஆனாலும் பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது. டயர் குறையா?

டயரைக் குற்றம் சொல்லும் முன் முன்பக்கம் இரண்டையும் இடவலமாக மாற்றிப் பாருங்கள். சுழலும் திசை அம்புக்குறியிட்ட டயரென்றால் முன்னதைப் பின்னதோடு, அதே பக்கத்தில் மாற்றுங்கள். இழுப்பும் மாறினால் டயர், மாறாவிட்டால் கார். பழைய காரில் பெரும்பாலும் காரணம் காரில்தான் இருக்கிறது: துருவால் இறுகிய கேலிப்பர், ஆடும் பால் ஜாயின்ட், எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர், இற்றுப்போன ரப்பர் புஷ். உலர்ந்த சாலையில் நாம் கவனிக்காமல் சமாளித்துக்கொண்டிருந்த குறையைப் பனி அப்படியே காட்டிவிடும்.

எனவே டயர் மாற்றும் அதே நாளில், சக்கரம் தரையிலிருந்து உயர்ந்திருக்கும்போது, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பால் ஜாயின்ட்டோ பேரிங்கோ போயிருக்கிறது. கையால் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும்; ஒரு சக்கரம் மட்டும் இறுக்கமாக இருந்தால் அந்தப் பிரேக் விடுபடவில்லை. வீல் அலைன்மென்ட்டை இவற்றையெல்லாம் சரிசெய்த பின் பாருங்கள். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு செய்த அலைன்மென்ட் அடுத்த பள்ளம்வரைதான் நிற்கும்.